மட்டக்களப்பு, அம்பாறைத் தாவரங்களுக்கு ஓர் இணையப் பட்டியல்: எந்த வடிவில் அமைத்தால் பாதுகாப்புக்கு உதவும்?

கேள்வி: படுவான்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் உயிரியல் கற்பிக்கிறேன். எமது சுற்றாடற் கழக மாணவர்கள் சில ஆண்டுகளாகத் தத்தம் ஊர்த் தாவரங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தும், வீட்டுப் பெரியவர்களிடமும் வயற்காரரிடமும் பெயர் கேட்டும் கொப்பிகளில் எழுதி வந்திருக்கிறார்கள். வாவிக்கரைக் கண்டல்கள், மாரி காலத்தில் மட்டும் வயல் வரம்புகளில் தலைகாட்டும் பூண்டுகள், குளக்கட்டுகளில் நிற்கும் மருதும் வம்மியும், தாந்தாமலைப் பக்கத்துக் காட்டோரத்தில் எஞ்சியுள்ள பாலையும் வீரையும் முதிரையும் என அந்தக் கொப்பிகளில் நிறையவே சேர்ந்திருக்கிறது. இவற்றை இணையத்தில் ஏற்றி, இனத்துக்கு ஒரு பக்கமாக, தமிழ்ப் பெயர், அறிவியற் பெயர், படம், பயன் ஆகியவற்றோடு ஒரு தளம் அமைக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்புகிறார்கள்.

இந்த எண்ணம் வலுப்பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. வாவிக்கரையில் ஒரு துண்டுக் கண்டற்காடு வெட்டப்படவிருந்தபோது, அதை விட்டுவைக்குமாறு கேட்பதற்காக ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் அந்தத் துண்டில் என்னென்ன இனங்கள் நிற்கின்றன, அவற்றுள் அரியது எது என்று கேட்டபோது, கையில் எடுத்துக் காட்டத்தக்க எதுவும் எம்மிடம் இருக்கவில்லை.

எனக்கு உள்ள ஐயங்கள் இவை. மாணவர்கள் எழுதியுள்ள அறிவியற் பெயர்களில் எவ்வளவு சரி என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. மருந்துச் செடிகள் நிற்கும் இடத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது நல்லதா என்பது தெரியவில்லை. இன்று ஆர்வமாக இருக்கும் பிள்ளைகள் உயர்தரம் முடித்துச் சென்ற பின்பு, அல்லது எனக்கே இடமாற்றம் வந்த பின்பு, அந்தத் தளத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் கவலையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டையும் வாவியையும் பாதுகாக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வந்தாறுமூலைத் தாவரவியல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தில் தாவர வகைப்பாடு கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனத்துக்கு ஒரு பக்கம் என்ற திட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தில்லை என்பது வாவிக்கரையில் வளரும் பால் மரம் என்று சொல்லும் பக்கங்கள் உலகில் ஏற்கெனவே ஏராளம். இந்தத் தில்லை மரம் இந்த இடத்தில், இந்த நாளில், இன்னாரால் காணப்பட்டது, இன்னாரால் இனங்காணப்பட்டது, அதற்குச் சான்று இந்தப் படம் என்று சொல்லும் வரிகள்தான் எமது இரு மாவட்டங்களுக்கும் மிகக் குறைவாக உள்ளன. பாதுகாப்புக்குப் பயன்படுவது அந்த வரிதான். நீங்கள் சென்ற அலுவலகத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடையும் அதுவே. வரிகள் சேர்ந்துவிட்டால் இனப் பக்கங்களை அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பக்கங்களிலிருந்து வரிகளைத் திரும்பப் பெற முடியாது.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் உள்ளது என்று தீர்மானிக்க ஐயூசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகுத்துள்ள அளவுகோல்களில் ஒன்று, அது பரவியுள்ள பரப்பைப் பார்ப்பது. பதிவான இடங்களை எல்லாம் வெளிப்புறமாக இணைத்து வரும் பரப்பு 20,000 சதுர கிலோமீற்றருக்குக் குறைவாயின் அழிவுக்கு இலக்காகக் கூடிய நிலை, 5,000க்குக் குறைவாயின் ஆபத்தான நிலை, 100க்குக் குறைவாயின் மிக ஆபத்தான நிலை என்று எல்லைகள் உள்ளன. வாழிடம் சுருங்கி வருவது போன்ற வேறு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். இனம் உண்மையில் நிற்கும் பரப்பைக் கணிக்க நிலப்படத்தை 2 கிலோமீற்றருக்கு 2 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, பதிவுள்ள கட்டங்களை எண்ணுகிறார்கள். ஆகவே கொக்கட்டிச்சோலையில் உங்கள் மாணவி ஒருத்தி ஆள்கூற்றோடு, அதாவது இடத்தைக் காட்டும் அகலாங்கு நெட்டாங்கோடு, பதிவிடும் ஒரு செடி, இனங்களின் அழிவு ஆபத்தைத் தரப்படுத்தும் தேசிய சிவப்புப் பட்டியலின் கணக்கில் ஒரு கட்டமாகவே அமையக்கூடும். வெறும் பெயர்ப்பட்டியலுக்கு அந்தத் தகுதி கிடையாது.

க்ரூடியா சைலானிக்கா என்ற மரத்தின் கதையை எண்ணிப் பாருங்கள். 2012ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியல் அதனை அழிந்துபோன இனமாகக் குறித்திருந்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தரலுவையில் ஒரு மரம் உயிரோடு இருப்பது இனங்காணப்பட்டது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலை வேலைக்காக அதை வெட்ட முற்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம், அந்த மரத்துக்குப் பெயரும் இடமும் ஏற்கெனவே எழுத்தில் இருந்ததுதான். பதிவு இல்லாதிருந்தால் வீதியோரத்தில் நின்ற ஏதோ ஒரு மரமாகவே அது போயிருக்கும்.

எமது பகுதியின் நிலைமை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கு வந்த போல் ஹேர்மன் சேகரித்த மாதிரிகளைக் கொண்டே தாவரவியலாளர் லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார். அந்த மாதிரிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். பின்னர் தாவரவியலாளர் திரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைநூல், 1980 முதல் 2006 வரை 15 தொகுதிகளாக வந்த திருத்திய கைநூல் ஆகியவை பேராதனையில் உலர்த்திய செடி மாதிரிகளைப் பேணும் தேசிய உலர்தாவரகத்தின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் 1983 தொடக்கம் 2009 வரை கிழக்கின் காடுகளுக்குள் சேகரிப்பு வேலைக்காகப் போவது எத்தனை கடினமாக இருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்கு உங்கள் மாணவர்கள் போன்றவர்களை விட்டால் வேறு ஆளில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பெயர் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அறிவியற் பெயர்களும் மாறுகின்றன: புங்கை மரம் பொங்கேமியா பின்னாட்டா என்றும், டெரிஸ் இன்டிக்கா என்றும், மில்லெட்டியா பின்னாட்டா என்றும் வெவ்வேறு நூல்களில் வரும், மூன்றும் ஒன்றே. கண்ணா இனங்களின் சாதியான (நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் தொகுதி, அறிவியற் பெயரின் முதற்சொல்) அவிசீனியாவைப் பழைய நூல்கள் தனிக் குடும்பமாகவோ வேர்பினேசியேயிலோ வைத்திருக்கும். இன்று அது அக்காந்தேசியேக் குடும்பத்தில் உள்ளது. கியூ தாவரவியற் பூங்கா நடத்தும் உலகத் தாவர இணையத்தளத்தில் இன்று ஏற்கப்பட்ட பெயர் எது, பழைய பெயர்கள் எவை என்று இலவசமாகப் பார்க்கலாம். நூலில் கண்ட பெயரை அப்படியே ஒரு நிரலிலும், இன்று ஏற்கப்பட்ட பெயரை வேறொரு நிரலிலும் எழுதுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுத வேண்டாம்.

படமெடுப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். முழுத் தாவரம், இலையின் இரு பக்கங்கள், இலைகள் தண்டில் அமைந்துள்ள முறை, பட்டை, பூ, காய் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் தேவை. வாவியில் நிற்கும் ரைசோபோரா அப்பிக்குலாட்டாவையும் ரைசோபோரா மியூக்ரோனாட்டாவையும் இலைகளை மட்டும் காட்டும் படத்தால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. முன்னையதில் ஒரு பூந்துணரில், அதாவது பூங்கொத்தில், இரண்டு காம்பற்ற பூக்கள் ஒட்டியிருக்கும், பின்னையதில் நீண்ட காம்பில் பல பூக்கள் தொங்கும். அவிசீனியா மரினாவின் இலை கூரிய நுனியோடு இருக்கும், அவிசீனியா ஒஃபிசினாலிசின் இலை நுனி உருண்டிருக்கும், பூவும் பெரியது. இன்னொன்று: பூ அழகாக இல்லாத காரணத்தால் புற்களை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லாகுகலைக் குளத்துக்கு யானைகள் கூட்டமாக வருவதே சக்கியோலெப்பிஸ் இன்டரப்டா என்ற புல்லுக்காகத்தான். அதைப் படமெடுத்தவர்களைவிட அதைத் தின்னும் யானையைப் படமெடுத்தவர்களே அதிகம்.

தில்லையைக் கையாளும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை சிறிது காலம் பாதிக்கப்படலாம். செடியைப் பறித்து உலர்த்திச் சேர்ப்பதற்கு முன்னர் அனுமதி பற்றி விசாரியுங்கள். தேசிய பூங்காக்களுக்குள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், ஒதுக்குக் காடுகளில் வனத் திணைக்களத்தின் அனுமதியும் இல்லாமல் ஓர் இலையைக் கூட எடுக்கக் கூடாது. மாணவர் வேலைக்கு நல்ல படங்களே போதும். உண்மையில் மாதிரி தேவைப்படும் இடத்தில் பல்கலைக்கழகத்தினர் அனுமதி பெற்று வரலாம்.

மறுமொழி 2: கல்முனைத் தரவாளர்

வணக்கம், ஸலாம். சேர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டு, கணினிப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், டீச்சர்.

சொந்த இணையத்தளத்தைக் கடைசி வேலையாக வையுங்கள். தளத்தின் முகவரிக்கும் சேமிப்பிடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்; கட்டுபவர் இடமாற்றம் பெற்றுப் போனால், மறு ஆண்டு பக்கம் திறக்காது. இப்படிக் காணாமற்போன தளங்களை நான் வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன். தரவு முதலில், தளம் பிறகு.

பதிவுகளைச் சேர்ப்பதற்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். படம், நாள், இடம் ஆகியவற்றோடு ஒரு பதிவை ஏற்றினால், பிறர் அதைப் பார்த்து இனத்தைச் சொல்வார்கள். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட்டால் அது ஆய்வுத் தரப் பதிவாக உயர்ந்து, உரிமம் இடமளித்தால் உலக உயிர்ப்பல்வகைமைத் தரவுகளைத் திரட்டும் ஜிபிஃப் தளத்துக்குத் தானாகவே செல்லும். அங்கிருந்து எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ்ப் பெயர்களையும் அதில் சேர்க்க முடியும். செயலி தானாக முன்வைக்கும் பெயரைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதிப் படங்கள் அதில் குறைவாக இருப்பதால், வேறொரு நாட்டில் மட்டும் வளரும் இனத்தை அது துணிந்து சொல்லும். உறுதி இல்லாவிட்டால் சாதிப் பெயரோடு நிறுத்துவது நல்லது.

ஆனால் மூலத் தரவு உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண விரிதாள் போதும். ஒரு அவதானிப்புக்கு ஒரு வரி. அந்த வரிக்கு என்றும் மாறாத ஒரு பதிவெண். நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற ஒழுங்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 05-02 என்பது பெப்ரவரியா மே மாதமா என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆள்கூறுகளைத் தசமத்தில் எழுதுங்கள். நான்கு தசம இடங்கள் ஏறத்தாழ 11 மீற்றர் துல்லியம், ஒரே ஒரு தசம இடம் என்றால் 11 கிலோமீற்றர். எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதை மீற்றரில் குறிக்க ஒரு நிரல் வையுங்கள். இந்த நிரல்களுக்கு டார்வின் கோர் என்ற உலகப் பொது நியமம் 2009 முதல் உள்ளது. நிரல்களின் தலைப்புகளை அந்த நியமத்தில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, உள்ளே தமிழில் எழுதலாம். அப்போது பிற்காலத்தில் எந்தத் தளத்துக்கும் மாற்ற வேலையின்றி ஏற்றலாம்.

எங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பின் உள்ளே அவை ஆங்கில எழுத்துகள்தாம். தேடினால் ஒன்றும் கிடைக்காது, இணையத்தில் ஏற்றினால் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறைக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றிய பின்பு கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா என்று ஒருவர் கண்ணால் வாசித்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஊர்ப் பெயர்களை ஒரே நிரலில் காற்புள்ளி போட்டு அடுக்காதீர்கள். அவற்றுக்குத் தனி அட்டவணை வைத்து, பெயர், கேட்ட ஊர், சொன்னவர் மீனவரா விவசாயியா வைத்தியரா என்பவற்றை எழுதி, பதிவெண்ணால் இணையுங்கள். வாவியில் கண்ணா என்று சொல்லும்போது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அதற்குள் வந்துவிடுகின்றன; தனி அட்டவணை இருந்தால் அதனால் குழப்பம் வராது.

உரிமத்தையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமே எனக்கு உகந்ததாகத் தெரிகிறது. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால் ஜிபிஃப் ஏற்கும், விக்கிப்பீடியாவின் படக்களஞ்சியம் ஏற்காது. படமெடுத்தது பிள்ளைகள் என்பதால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவதும், பகிரங்கப் பதிவில் பிள்ளையின் முழுப்பெயருக்குப் பதிலாகக் கழகத்தின் குறியெண்ணை இடுவதும் அவசியம். ஆண்டுக்கு ஒரு முறை முழு விரிதாளையும் ஸெனொடோ போன்ற ஆய்வுக் களஞ்சியத்தில் வைத்தால், நிலையான அடையாள எண்ணோடு அது அங்கேயே இருக்கும். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடம் நடத்துவது, கட்டணம் இல்லை. உங்கள் இடமாற்றத்தைப் பற்றிய கவலைக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்.

மறுமொழி 3: திருக்கோவில் வைத்தியர்

ஆசிரியை மகளுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பரம்பரையாகச் சித்த வைத்தியம் செய்து வருபவன். மேலே இருவரும் எழுதியவை நல்லவையே, ஆனால் எல்லாப் பதிவையும் உலகத்துக்குத் திறந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தென்மேற்கு ஈரவலயத்தில் நறுமணப் பிசின் தரும் வல்லப்பட்டை மரத்துக்கு நேர்ந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். விலை தெரிந்தவுடன் காட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள், விமான நிலையத்தில் பிடிபட்டார்கள், இன்னும் பிடிபடுகிறார்கள். எங்கள் உலர்வலயத்தில் அதே ஆபத்து சிறிய செடிகளுக்கு உண்டு. சிங்களத்தில் பின்கொஹொம்ப என்று அழைக்கப்படும் மன்றோனியா பின்னாட்டா ஒரு சாண் அளவுச் செடி. மருந்துக்கு வேரோடு முழுச்செடியும் வேண்டும், ஆகவே எடுத்தவர் அங்கே மீண்டும் முளைக்க ஒன்றும் விடுவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றின் ஆள்கூற்றை நான்கு தசம இடத்துக்குக் கொடுத்தால், கைத்தொலைபேசியே திருடனை வழிநடத்திக் கொண்டுபோய்ச் செடியின் முன்னே நிறுத்தும். உகந்தையிலிருந்து குமனை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் காலத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காட்டுப் பாதையில் நடக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் பக்தியோடு வருபவர்களே பெரும்பாலோர், என்றாலும் எல்லோரும் அல்லர்.

இடத்தை மறைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் இருப்பதாகத் தம்பி ஒருவர் எனக்குக் காட்டினார். மறைத்தால் 0.2 பாகை அளவுள்ள ஒரு சதுரத்துக்குள், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர் பரப்பினுள், எங்கோ ஓரிடத்தில் புள்ளி காட்டப்படுமாம். சரியான இடம் பதிந்தவருக்கும் அவர் நம்பி அனுமதித்தவர்களுக்கும் மட்டும் தெரியும். அச்சுறுத்தலுக்குள்ளானவை என்று அங்கே குறிக்கப்பட்ட இனங்களை அது தானாகவே மறைக்கிறது. உலக அளவில் பரவலாக இருந்து இலங்கையில் மட்டும் அருகிவரும் செடிகள் அந்தக் குறிப்பில் விடுபட்டிருக்கலாம் என்பதால், மருந்துச் சரக்காக விலைபோகும் எதையும் நீங்களே கையால் மறைத்துவிடுவது பாதுகாப்பானது. காட்டில் நிற்கும் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகியவற்றைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. கல்லோயாப் பூங்காவின் மானாப்புல் வெளிகளில் அவை நிற்பது ஊரறிந்த விடயம். காயைப் பொறுக்குவதால் மரம் சாவதில்லை.

பயன் என்ற நிரல் பற்றியும் ஒரு சொல். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டு, இந்தியா அதை எதிர்த்து மறுபரிசீலனை கோரியதால் 1997இல் அது நீக்கப்பட்டது. அதன் பின்னரே இந்தியா தனது பழைய மருத்துவ அறிவைத் திரட்டி ஓர் எண்ணிம நூலகம் அமைத்தது, அதுவும் காப்புரிமை அலுவலகங்கள் பார்ப்பதற்கென்றே. அச்சில் வந்த நூல்களில் ஏற்கெனவே உள்ள பயன்களைப் பட்டியலில் எழுதுங்கள். பாட்டியோ பரிசாரியாரோ நம்பிச் சொன்ன கைமுறைகளை, அவர்களிடம் இணையம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்காமல் ஏற்ற வேண்டாம்.

மறுமொழி 4: வாகரைக் கண்டல் நடுகை

வைத்தியர் ஐயா சொன்ன மறைப்பு மருந்துச் செடிகளுக்குப் பொருந்தும். கண்டல்களுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அவை வெட்டப்படுவது களவாக அல்ல, பட்டப்பகலில், அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாரும் நிறுவ முடியாது என்ற துணிவில். ஆகவே இடத்தைத் துல்லியமாகக் காட்டுங்கள்.

பனிச்சங்கேணிப் பக்கத்தில் நடுகை வேலைகளில் இருக்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்பு இலங்கையின் கரையோரங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நடப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வொன்று, அதில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே தேறியது என்றும், பார்வையிட்ட 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும் காட்டியது. முக்கிய காரணம், எடுத்து நடுவதற்கு எளிதான ரைசோபோராக் கன்றுகளை, வற்றுப்பெருக்கும் உப்பும் அவற்றுக்கு ஒவ்வாத இடங்களில் நட்டது. எந்தக் கரையில் இயல்பாக எது வளர்ந்திருந்தது என்ற பதிவு கையில் இருந்திருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே உங்கள் அட்டவணையில் கண்டல்களுக்கு மட்டும் சில நிரல்களைக் கூட்டுங்கள்: நீர் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், அந்த நிலம் எந்த மாதங்களில் நீருக்குள் நிற்கிறது, மண் சேறா மணலா, கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றனவா, காய் விழும் மாதம் எது. மட்டக்களப்பு வாவியில் முகத்துவாரத்தின் மணல் திட்டு திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து உப்பும் நீர்மட்டமும் மாறுவதால், அதையும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்வது நல்லது. இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தவர்கள் தோணியில் போகும் மீனவர்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

வந்தாறுமூலை சேருடன் ஒரு சிறு கருத்து வேறுபாடு. பூந்துணர் கிடைக்கும் வரை, நிபுணர் பார்க்கும் வரை என்று காத்திருந்தால் அதற்குள் காடு போய்விடும். ரைசோபோரா, இனம் தெரியாது, இவ்வளவு நீளக் கரை என்ற அளவில் ஒரு பதிவு இன்றே இருப்பது, அடுத்த ஆண்டு வரப்போகும் சரியான பதிவைவிட மேல்.

ஆசிரியையின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இனப் பக்கங்களைக் கைவிட்டுப் பதிவு வரிகளாகத் தொடங்குவது என்று கழகத்தில் முடிவெடுத்திருக்கிறோம். மறைக்க வேண்டிய மருந்துச் செடிகளின் பட்டியலைத் தயாரிக்க வைத்தியர் ஐயாவின் உதவியைத் தனிமடலில் கேட்பேன். இன்னும் இரண்டு விடயங்களில் தெளிவு தேவைப்படுகிறது. கொப்பிகளில் உள்ள பழைய குறிப்புகள் பலவற்றுக்குப் படமும் இல்லை, ஆள்கூறும் இல்லை, ஊர்ப் பெயர் மட்டுமே உண்டு. அவற்றை என்ன செய்வது? பாடசாலை வளவு, கோயில் வீதி, வீட்டுத் தோட்டம் ஆகியவற்றில் நிற்கும் மரங்களைச் சேர்க்கலாமா?

மறுமொழி: வந்தாறுமூலைத் தாவரவியல்

வாகரை நண்பர் சொன்னது சரி. சாதி அளவில் நிற்கும் பதிவையும் நான் வரவேற்கிறேன். நான் எதிர்ப்பது, தெரியாத இனத்தைத் தெரிந்ததாக எழுதுவதை மட்டுமே.

கொப்பிக் குறிப்புகளை எறிய வேண்டாம். ஊரின் நடுப்புள்ளியை ஆள்கூறாகக் கொடுத்து, ஊரின் எல்லை வரை உள்ள தூரத்தைப் பிழை அளவாக எழுதுங்கள். மூன்று கிலோமீற்றர் என்றாலும் பரவாயில்லை. சான்று என்ற நிரலில் படமில்லை, கொப்பிக் குறிப்பு என்று வெளிப்படையாக இருக்கட்டும். பின்னர் அதே இடத்தில் படத்தோடு பதிவு கிடைத்தால் பழைய வரியைத் திருத்தாமல் புதிய வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் செடி அன்று அங்கே இருந்ததும் இன்று இருப்பதும் இரு வேறு செய்திகள். தேடிப் போய்க் காணாவிட்டால் அதையும் நாளோடு பதியுங்கள். வயல் வரம்புப் பூண்டுகளைத் தேடுவதானால் மாரி ஓய்ந்து நிலம் ஈரமாக இருக்கும் தை, மாசியில் போங்கள். ஆவணியில் போய் இல்லை என்று எழுதுவதில் பொருளில்லை.

வளவில் நிற்கும் மரங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் நட்டது என்ற குறி கட்டாயம் வேண்டும். இல்லையேல் பாடசாலை வாசலில் நட்ட ஒரு கருங்காலி, அந்த இனம் அங்கே இயற்கையாகப் பரவியிருப்பதாகக் கணக்கில் ஏறிவிடும். ஐநேச்சுரலிஸ்டும் நட்டவற்றை ஆய்வுத் தரத்துக்கு உயர்த்துவதில்லை. சிக்கல் கோயில் வளவுகளில்தான் வரும். அங்குள்ள பழைய மரம் யாரோ நட்டதா, காடு வெட்டப்பட்டபோது சுவாமிக்கென்று விட்டுவைத்ததா என்பது ஐயருக்கும் தெரியாது, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்கும் தெரியாது. அந்த நிரலுக்கு நட்டது, தானாக வளர்ந்தது என்ற இரண்டு தெரிவுகளோடு தெரியவில்லை என்ற மூன்றாவதையும் வையுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டில் ஒன்றை ஊகித்து எழுதிவிடுவார்கள்.